சீட் சின்னதாகும் நாள்

கைக்குழந்தைக் கார் சீட் போதாமல் போவதை மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: உச்சந்தலை, தோள், எடைத்தராசு. மூன்றில் எது முதலில் வரம்பைத் தொடுகிறதோ, அன்றோடு அந்த சீட்டின் வேலை முடிந்தது. மற்ற இரண்டிலும் இடம் மீதி இருக்கிறது என்ற கணக்கு செல்லாது. கடையில் பெற்றோர் கேட்பது எடையை. அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதும் எடைதான். ஆனால் சராசரியாக வளரும் குழந்தைக்கு முதலில் தீர்ந்துபோவது எடை அல்ல, நீளம். தராசை மட்டும் நம்பும் வீட்டில் சீட் பல மாதங்களுக்கு முன்பே சின்னதாகியிருக்கும், அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இங்கே பேசப்படுவது கைப்பிடியோடு கூடிய, தொட்டிலைப் பாதியாக வெட்டியது போன்ற சீட். கடைக்காரர்கள் இதை ‘கேரி காட்’ என்றும், ‘பேபி சீட்’ என்றும் சொல்லித் தருகிறார்கள். பின்சீட்டில், குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி மட்டுமே இதைப் பொருத்த வேண்டும். ஐரோப்பாவின் ஆர்44 விதியிலும், அதையொட்டி அமைந்த இந்தியாவின் ஏஐஎஸ்-072 தரநிலையிலும் இந்த வகைக்கு ‘0+’ என்று பெயர். உச்ச வரம்பு 13 கிலோ. 2013-இல் நடைமுறைக்கு வந்த ஆர்129 என்ற புதிய விதி குழந்தையின் நீளத்தை முதல் அளவாக எடுத்துக்கொண்டது. அந்த சீட்டுகளில் 40 முதல் 75 செ.மீ, 40 முதல் 87 செ.மீ என்பதுபோல அச்சிட்டிருக்கும். எடையைவிட நீளமே நல்ல அளவுகோல் என்பதற்கு இந்த மாற்றமே சாட்சி.

பின்னோக்கி உட்காரவைப்பதன் காரணம் குழந்தையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு; பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குக்குச் சற்று கூடுதல்தான். அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக இறுகாமல், இடையிடையே குருத்தெலும்பாக இருக்கின்றன. கார் முன்னால் மோதினால், முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை, கழுத்துதான் அதை இழுத்து நிறுத்த வேண்டும். பின்னோக்கி உட்கார்ந்த குழந்தைக்கு அந்த விசை முழுவதும் சீட்டின் ஓட்டில் பரவுகிறது. தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேரத்தில் தாங்கப்படுகின்றன. 1960-களில் ஸ்வீடன் மருத்துவர் பெர்டில் ஆல்ட்மன் இந்த யோசனைக்கு வந்தது, ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகை விசைக்குக் கொடுத்து மல்லாந்து கிடந்ததைக் கவனித்து. தலை ஓட்டுக்குள் இருக்கும்வரைதான் இந்தப் பாதுகாப்பு. ஓட்டின் விளிம்பைத் தலை தாண்டிவிட்டால் கழுத்து அந்த விளிம்பின் மேல் மடங்கும். ‘சீட் சின்னதாகிவிட்டது’ என்பதற்கு உண்மையான பொருள் இதுதான். நெருக்கமாக இருக்கிறதா, சொகுசாக இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

மடியில் வைத்துக்கொள்வது ஏன் மாற்றாகாது என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி நொடியின் பதினாலில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 9 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 180 கிலோவாகக் கனக்கும். அந்தக் கனத்தைப் பிடித்து வைக்கும் கை எந்தத் தாய்க்கும் கிடையாது. அந்த வேகம் மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

தாய்வீட்டிலிருந்து மொட்டை வரை

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் குடும்பங்களில் இந்த சீட் வாங்கப்படும் சந்தர்ப்பம் பெரும்பாலும் ஒன்றுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். புதுச்சேரியிலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு, அல்லது மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரத்துக்கு ஒரு பயணம். அதற்காக அண்ணனோ சித்தப்பாவோ வாங்கித் தந்த சீட் அன்று ஒருமுறை காரில் ஏறும். பிறகு அது பரணுக்குப் போய்விடும். அன்றாடப் போக்குவரத்து பைக்கிலும் ஆட்டோவிலும் நடக்கிறது. சீட் மறுபடி இறங்குவது குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்தத் திருவந்திபுரத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ கிளம்பும் நாளில், அதாவது பதினோராம் மாதத்தில்.

இந்த இடைவெளியில் நடப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணை தெளிவாகக் காட்டுகிறது. ஐந்தாம் மாதத்தில் ஆண் குழந்தையின் நடுத்தர நீளம் 65.9 செ.மீ, எடை 7.5 கிலோ. பதினோராம் மாதத்தில் 74.5 செ.மீ, 9.4 கிலோ. பெண் குழந்தைக்கு அதே மாதங்களில் 64.0 செ.மீயும் 72.8 செ.மீயும்; எடை 6.9 கிலோவும் 8.7 கிலோவும். ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட 9 செ.மீ கூடியிருக்கிறது. எடையோ 13 கிலோ வரம்புக்கு இன்னும் மூன்றரைக் கிலோ கீழேதான் நிற்கிறது. அதே அட்டவணைப்படி நடுத்தர ஆண் குழந்தை 13 கிலோவைத் தொடுவது இரண்டரை வயதை நெருங்கும்போது. பெண் குழந்தை இரண்டரையைத் தாண்டிய பிறகு. 75 செ.மீ வரம்புள்ள சீட்டை அந்த ஆண் குழந்தை ஒரு வயது முடிவதற்குள்ளேயே கடந்துவிடும். பெண் குழந்தைக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம் தாங்கலாம்.

தினமும் சீட்டில் உட்காரும் குழந்தைக்குத் தலை ஏறி வருவது பழகிய கண்ணுக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறை உட்காரும் குழந்தைக்கு அது தெரியாது. அரிதாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் அளந்து பார்ப்பது கட்டாயமாகிறது.

அளக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளும், ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடும் நாளும், 16 முதல் 24 மாதத்துக்குள் வரும் அடுத்த தவணையும் போதும். தாய்–சேய் பாதுகாப்பு அட்டையில் எடைக்கோடு வரைவார்கள். அதோடு நீளத்தையும் படுக்கவைத்து அளந்து சொல்லும்படி கேட்கலாம். வீட்டில் செய்வதென்றால் தரையில் பாயை விரித்துக் குழந்தையின் உச்சந்தலை சுவரைத் தொடும்படி படுக்கவைத்து, முழங்காலை மெல்ல நீட்டி, உள்ளங்காலில் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அங்கே கோடு போட வேண்டும். ஒருவர் தலையையும் ஒருவர் காலையும் பிடித்துக்கொண்டால்தான் இது நடக்கும். குழந்தை தூக்கக் கலக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

தலையில் ஓர் அங்குலம்

நீளத்தை அளந்தாலும், கடைசித் தீர்ப்பு சீட்டுக்குள்தான். ஒரே நீளமுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்குக் கால் நீளம், மற்றொன்றுக்கு உடம்பு நீளம். உடம்பு நீண்ட குழந்தைக்குச் சீட் முன்னதாகவே தீரும்.

பார்க்கும் முறை இது. குழந்தையின் இடுப்பு சீட்டின் அடியோடு ஒட்டும்படி உட்காரவைத்து வாரை இறுக்க வேண்டும். பிறகு ஓர் அடிக்கோலையோ நோட்டுப் புத்தகத்தையோ உச்சந்தலையில் படுக்கை வசமாக வைத்து, அது சீட்டின் ஓட்டை எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். ஓடு என்பது உள்ளே இருக்கும் கெட்டி பிளாஸ்டிக். மேலே உப்பியிருக்கும் துணி உறையும், வெயில் மறைக்கும் குடையும், கைப்பிடியும் கணக்கில் சேராது. உச்சிக்குடுமியும் சேராது. அமெரிக்கத் தயாரிப்புகள் பெரும்பாலும் தலைக்கும் ஓட்டின் மேல்விளிம்புக்கும் இடையே ஓர் அங்குலம், அதாவது இரண்டரை செ.மீ, எப்போதும் மிச்சமிருக்க வேண்டும் என்கின்றன. தலையணைப் பகுதியை ஏற்றி இறக்கும் வசதியுள்ள சீட்டுகளில் அளவு மாறும்; அங்கே கையேட்டில் இருப்பதே விதி. கையேடு தொலைந்துபோயிருந்தால் ஓர் அங்குலக் கணக்கில் நிற்பது பிழையாகாது.

அடுத்தது தோள். பின்னோக்கிய சீட்டில் தோள்வார் குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும். மோதலில் குழந்தையின் உடம்பு முதுகுப்புறமாக ஓட்டில் அழுந்தி மேல்நோக்கி நழுவப் பார்க்கும். தோளுக்குக் கீழிருந்து வரும் வார் அதைக் கீழே பிடித்து வைக்கும். முன்னோக்கிய சீட்டில் இந்த விதி தலைகீழ்: அங்கே வார் தோளுக்கு மேலிருந்து வர வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். குழந்தையின் தோள் உச்சித் துளையையும் தாண்டிவிட்டால், தலைக்கு மேல் இடம் இருந்தாலும் அந்தச் சீட் போதாது.

வார் சரியாக இறுகியிருக்கிறதா என்பதற்குக் கிள்ளிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. தோள் அருகே வாரை மேலும் கீழுமாக இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு சிக்கக் கூடாது. சிக்கினால் தளர்வு. மடிப்பே சிக்காமல் வாரை முழு நீளத்துக்கு நீட்டிய பிறகும் பக்கிள் மாட்ட முடியவில்லை என்றால், குழந்தை அந்த வாரையே தாண்டிவிட்டது.

எடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேபிளில் உள்ள எண்ணைக் குழந்தையின் எடை எட்டினால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கால் இடித்தால் என்ன?

சீட்டை நேரத்துக்கு முன்பே கைவிட வைப்பது பெரும்பாலும் கால். எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தையின் பாதம் காரின் சீட் முதுகைத் தொடும். சற்று வளர்ந்தால் முழங்கால் மடங்கி மேலே நிற்கும். ‘பாவம், கால் இடிக்குது’ என்று பாட்டி சொன்ன நிமிஷத்தில் குழந்தை மடிக்கு மாறிவிடும். கால் இடிப்பது சீட் போதாததன் அறிகுறி அல்ல. குழந்தைகள் காலை மடித்துச் சப்பணமிட்டு உட்காருவதையே விரும்புகிறார்கள். தரையில் அவர்கள் உட்காரும் விதத்தைப் பார்த்தாலே தெரியும். பாதம் எங்கே படுகிறது என்பதைக் கையேடுகள் வரம்பாகச் சொல்வதும் இல்லை.

அழுகையும் அப்படித்தான். சீட்டில் வைத்தவுடன் அழுவது பசியாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், பழகாததாக இருக்கலாம். பல மாத இடைவெளிக்குப் பிறகு ஒரு பொருளில் கட்டிவைக்கப்படும் குழந்தை அழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கைப்பிடியைப் பிடித்துத் தூக்க முடியவில்லை, கை வலிக்கிறது என்பதும் வரம்பு அல்ல. அந்த நிலையில் சீட்டைக் காரிலேயே விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம். சீட் இன்னும் பல வாரங்களுக்கு உதவும்.

கடற்கரை ஊரின் வெக்கை தனிச் சிக்கல். மே மாதத்தில் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரம் அரை மணி நேரம் நின்ற காருக்குள் பக்கிளின் உலோகம் சுடும். குழந்தையின் முதுகு நனைந்துவிடும். காற்றோட்டத்துக்காகப் பெற்றோர் முதலில் செய்வது வாரைத் தளர்த்துவது. இதில் ஆபத்து இரண்டு மடங்கு. தளர்ந்த வாரில் குழந்தை கீழே வழிந்து உட்காரும். தலை தாழ்ந்து, ‘இன்னும் நிறைய இடம் இருக்கிறதே’ என்று தோன்றும். எனவே வாரை இறுக்காமல் எடுத்த அளவு அளவே அல்ல. இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: வியர்வை உறிஞ்ச அடியில் மடித்துப் போட்ட கனத்த துண்டு குழந்தையை இரண்டு செ.மீ தூக்கிவிடும், போதுமான சீட்டும் போதாதது போலக் காட்டும். சீட்டோடு வராத துண்டு, தலையணை, மெத்தை எதுவும் குழந்தைக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கக் கூடாது. குழந்தையை ஏற்றும் முன் காரின் கதவுகளைத் திறந்து வைத்து, ஏசியை ஓடவிட்டு, பக்கிளைக் கையால் தொட்டுப் பார்த்தால் போதும். ஒரு வெள்ளைத் துணியைச் சீட்டின் மேல் போர்த்திவிட்டு இறங்குவது அதைவிட எளிது.

சீட்டோடு வரும் ஒரு மெத்தை மட்டும் விதிவிலக்கு. பச்சைக்குழந்தைக்கென்று இடுப்பையும் தலையையும் சுற்றி வைக்கும் உள்மெத்தையைப் பல வீடுகளில் எடுப்பதே இல்லை. பல தயாரிப்புகளில் 60 செ.மீ நீளத்தில் அதை எடுத்துவிடச் சொல்லியிருப்பார்கள். அது உள்ளேயே இருந்தால் ஆறாம் மாதத்தில் குழந்தை திணறுவது போலிருக்கும். மெத்தையை உருவியதும் சீட் பழையபடி அகலமாகிவிடும்.

கடல் கடந்து வரும் சீட்டுகள்

பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் கடலூரிலும், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சீட்டுகள் உண்டு. அமெரிக்க சீட்டின் லேபிளில் எடை பவுண்டிலும் நீளம் அங்குலத்திலும் இருக்கும். 30 பவுண்டு என்பது 13.6 கிலோ, 35 பவுண்டு 15.9 கிலோ, 30 அங்குலம் 76 செ.மீ, 32 அங்குலம் 81 செ.மீ. 30 என்ற எண்ணைப் பார்த்து 30 கிலோ என்று எடுத்துக்கொண்டால் ஐந்து வயதுப் பிள்ளையையும் அதில் உட்காரவைக்கலாம் என்று ஆகிவிடும்.

அந்த சீட்டுகளில் மார்பின் குறுக்கே ஒரு கிளிப் இருக்கும். அதை அக்குள் மட்டத்தில் வைக்க வேண்டும். ஐரோப்பிய, இந்திய சீட்டுகளில் அது இருக்காது. இல்லாதது குறையும் அல்ல. கவனிக்க வேண்டிய வேறு ஒன்று உண்டு. அமெரிக்கக் கார்களின் பெல்ட்டை ஒருமுறை முழுதாக இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். அங்கே விற்கும் சீட்டுகள் பல அந்தப் பூட்டை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. இங்குள்ள பல கார்களின் பெல்ட் அப்படிப் பூட்டாது. சீட்டிலேயே பெல்ட்டைப் பூட்டும் அமைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டினால், ஒவ்வொரு வளைவிலும் சீட் ஆடும். பெல்ட் செல்லும் இடத்தில் சீட்டைப் பிடித்து அசைத்தால் இரண்டரை செ.மீக்கு மேல் நகரக் கூடாது.

அடுத்த சீட்டும் பின்னோக்கியே

கைக்குழந்தை சீட் தீர்ந்துவிட்டது என்றால் குழந்தையை முன்னோக்கித் திருப்பும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மாற வேண்டியது சீட்டின் அளவு, திசை அல்ல. இதற்கென்று பெரிய ஓடுள்ள, கைப்பிடி இல்லாத சீட்டுகள் இருக்கின்றன. முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் பொருத்தக்கூடியவை அவை. ஆர்129 விதி 15 மாதத்துக்கு முன் முன்னோக்கித் திருப்புவதைத் தடுக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-இல் இரண்டு வயது வரை பின்னோக்கி என்றது. 2018-இல் அந்த வயதையும் எடுத்துவிட்டு, சீட்டின் வரம்பு அனுமதிக்கும்வரை என்று மாற்றியது. ஸ்வீடனில் நான்கு வயது வரை பின்னோக்கி உட்காருவது வழக்கமான காட்சி.

வாங்கும்போது ‘0 முதல் 18 கிலோ’ என்ற எழுத்தோடு நின்றுவிடக் கூடாது. அந்த 18 கிலோ முன்னோக்கிய நிலைக்கு. பின்னோக்கிய நிலையில் எத்தனை கிலோ வரை என்பது லேபிளில் சின்ன எழுத்தில் தனியாக இருக்கும். சில சீட்டுகளில் அது 10 கிலோதான். அப்படியானால் பழைய தொட்டில் சீட்டைவிடக் குறைந்த வரம்புக்குப் பணம் கொடுத்து இறங்கியதாக ஆகும். சின்னக் காரில் பெரிய பின்னோக்கிய சீட் முன்சீட்டை முன்னால் தள்ளும். உயரமான ஓட்டுநர் வீட்டில் இருந்தால் அதை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்காமல் இடதுபக்கம் வைக்கலாம். வாங்கும் முன் சீட்டைக் காரில் பொருத்திப் பார்க்கக் கடைக்காரரைக் கேட்டால் மறுக்க மாட்டார். மறுத்தால் வேறு கடை பார்க்கலாம்.

முன்சீட்டில் பின்னோக்கிய சீட் எந்த வயதிலும் கூடாது. 2022-இலிருந்து விற்பனையாகும் புதிய கார்களில் முன்பக்கப் பயணிக்கும் காற்றுப்பை கட்டாயம். அது விரியும் வேகத்தில் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைத்தான் முதலில் அறையும். சூரியத் தடுப்பு மடலில் ஒட்டியிருக்கும் குழந்தைப் படத்துக்கு அதுதான் பொருள்.

சட்டமும் இதில் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஓட்டியவருக்கு 1,000 ரூபாய் அபராதம். சட்டம் குழந்தையைக் கட்டச் சொல்கிறது. எந்த சீட்டில், எத்தனை செ.மீ வரை என்பதை அது பெற்றோரிடமே விட்டுவிட்டது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்சிஏபி மதிப்பீட்டில் கார்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புக்கென்று தனியாக 49 புள்ளிகள் உண்டு. ஒன்றரை வயது, மூன்று வயதுப் பொம்மைகளை வைத்து மோதிப் பார்க்கிறார்கள். கார் வாங்குகிறவர்கள் பார்க்கும் நட்சத்திரங்களில் இந்த இரண்டாவது வரிசையை ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

இந்த ஊர்களின் பெரும்பான்மைக் குழந்தைகள் பயணிப்பது காரில் இல்லை என்பதும் உண்மை. ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகும் பைக்குகளில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே கைக்குழந்தை இருக்கும். மத்திய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த விதி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும், குழந்தைக்கேற்ற ஹெல்மெட்டும், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்கிறது. அந்த வார் 30 கிலோ வரை தாங்க வேண்டும். அதை அணிந்த குழந்தையைச் சாலையில் பார்ப்பது இன்னும் அரிது. காரும் பைக்கும் இருக்கும் வீட்டில், குழந்தையோடு நெடுஞ்சாலையில் போக வேண்டிய நாளில் காரை எடுப்பதே சரி. பரணில் கிடக்கும் சீட்டுக்கும் அன்றுதான் வேலை.

தீர்ந்துபோன சீட் அடுத்த குழந்தைக்கோ அக்கா வீட்டுக்கோ போவது இயல்பு. போகும் முன் ஓட்டின் அடியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். தயாரிப்பைப் பொறுத்து ஆறு முதல் பத்து ஆண்டுகள் அதன் ஆயுள். வெயிலிலும் பரணின் சூட்டிலும் பிளாஸ்டிக் மெல்ல நொறுங்கும் தன்மை பெறுகிறது. விபத்தில் சிக்கிய காரில் இருந்த சீட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஆயுள் முடிந்த சீட்டைப் பழைய சாமான் கடைக்குப் போடும்போது வார்களைக் கத்திரியால் அறுத்து, உறையை உரித்து, ஓட்டின் மேல் ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று மார்க்கரில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நூறு, இருநூறு ரூபாய்க்கு அது வேறொரு குழந்தையின் காருக்குப் போய்ச் சேரும்.